கல்லூரிக் கால்பந்து: வீரர் சேர்ப்புத் தரவரிசையை அணியின் ஆட்டத்தோடு ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பள்ளி முடிக்கும் மாணவர்களில் யார் யார் எந்த அணிக்குக் கையெழுத்திட்டார்கள் என்பதை வைத்து ஆண்டுதோறும் அணிகளின் தரவரிசை வெளியாகிறது. (நம் ஊர்க் கால்பந்து அல்ல, ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தோடு ஆடுவது.) வெளியான நாளிலேயே வாக்குவாதமும் தொடங்கிவிடும். நட்சத்திர மதிப்பெண் வெறும் விளம்பரம் என்பார் ஒருவர். முதலிடம் பிடித்துவிட்டோம், இனிக் கோப்பை நமக்கே என்பார் இன்னொருவர். இருவரும் தமக்கு வசதியான ஓர் அணியை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். அந்தச் சண்டையில் சேருவதைவிட நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸும், கூட்டல் கழித்தல் பெருக்கலும் போதும்.

படி 1: தரவரிசை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற தளங்கள் பள்ளி வீரர்களின் ஆட்டக் காணொளிகளையும் பயிற்சி முகாம்களையும் பார்த்து, ஐந்து நட்சத்திரம் வரை தருகின்றன. ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய முப்பது பேர்தான். 247ஸ்போர்ட்ஸ் பல தளங்களின் மதிப்பீடுகளையும் சேர்த்து ஒரு கூட்டுத் தரவரிசை வெளியிடுகிறது. தொடக்கநிலையில் அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு தளத்தின் தனி விருப்புவெறுப்பு அதில் குறைவு.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அணியின் மொத்தப் புள்ளிகள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதையும் பொறுத்தவை. 2017-இல் கிளெம்சன் வெறும் 14 பேரைத்தான் சேர்த்தது. அதனால் பட்டியலில் 16-ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆனால் பின்னாளில் தொழில்முறை அணிகளுக்குப் போன டீ ஹிக்கின்ஸ், டிராவிஸ் எட்டியென், ஏ.ஜே. டெரல் மூவரும் அந்த 14 பேருக்குள் இருந்தார்கள். மறு ஆண்டே கிளெம்சன் 15 ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் அலபாமாவை 44-16 என்று வீழ்த்தியது. ஆகவே தாளில் இரண்டு நெடுவரிசைகள் வேண்டும்: அணியின் இடம் ஒன்று, ஒரு வீரருக்கான சராசரி மதிப்பு இன்னொன்று.

படி 2: நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்

பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேதான் வீணாகின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களை அதே ஆண்டு டிசம்பரில் எடைபோடுவது, நாற்று நட்ட கையோடு அரிவாளை எடுப்பதற்குச் சமம். பதினெட்டு வயதுப் பையன் முன்வரிசையில் 22 வயது இளைஞனோடு மோதித் தாக்குப்பிடிக்க இரண்டு மூன்று ஆண்டு உடற்பயிற்சி வேண்டும்.

டெக்சஸ் ஏ அண்ட் எம்-ஐப் பாருங்கள். 2022-இல் அதன் வீரர் சேர்ப்பு, கூட்டுத் தரவரிசை தொடங்கிய நாளிலிருந்து அதுவரை யாரும் பெறாத புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்று, சீசனை 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. "பார்த்தீர்களா, தரவரிசை பொய்" என்று பலர் கொண்டாடினார்கள். அந்த முடிவு அவசரமானது. அந்தச் சீசனின் பாரத்தைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் 2019, 2020, 2021-இல் சேர்ந்தவர்கள்.

எனவே 2022 சீசனுக்கு 2019 முதல் 2022 வரையிலான நான்கு சேர்ப்புகளின் சராசரியை எடுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு, கடைசி ஆண்டுக்கு மட்டும் பாதி எடை கொடுத்துப் பாருங்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

படி 3: "நன்றாக ஆடியது" என்பதை எதை வைத்து அளப்பது?

சீசன் தொடங்கும் முன் வரும் ஏபி வாக்கெடுப்பை (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிடும் முதல் 25 அணிகளின் பட்டியல்) எடுக்காதீர்கள். வாக்களிக்கும் செய்தியாளர்கள் அந்த நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டுத்தான் வாக்களிக்கிறார்கள். கேள்வியையே விடையாக எழுதியதாகிவிடும். சீசன் முடிந்தபின் வரும் இறுதி ஏபி பட்டியல் தொடக்கத்துக்குப் போதும். அதைவிட நல்லது, புள்ளி வித்தியாசத்தையும் எதிரணிகளின் வலிமையையும் கணக்கில் எடுக்கும் எஸ்ஆர்எஸ் (சிம்பிள் ரேட்டிங் சிஸ்டம்) போன்ற மதிப்பீடு. வெறும் வெற்றி எண்ணிக்கை ஏமாற்றும். பலவீனமான அணிகளோடு ஆடி 9 ஆட்டம் வென்றவர்களும் உண்டு.

படி 4: ஒரு சின்னக் கணக்கு

தர ஒட்டுறவு என்று பள்ளிப் புள்ளியியலில் படித்திருப்போம். இரண்டு வரிசைகளும் அச்சாக ஒத்துப்போனால் 1, முற்றிலும் தலைகீழானால் -1, தொடர்பே இல்லையென்றால் 0.

2022 சீசனுக்கு நான்கு அணிகளை எடுப்போம். நான்கு சேர்ப்புகளின் சராசரி இடம் அலபாமாவுக்கு 1.5, ஜார்ஜியாவுக்கு 2.5, டெக்சஸ் ஏ அண்ட் எம்-க்கு 5-ஐ ஒட்டி, ஒஹையோ ஸ்டேட்டுக்கு 6.25. அந்த வரிசைப்படி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். இறுதி ஏபி பட்டியலில் ஜார்ஜியா முதலிடம், ஒஹையோ ஸ்டேட் நான்காவது, அலபாமா ஐந்தாவது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பட்டியலிலேயே இல்லை. இந்த நால்வருக்குள் மட்டும் என்றால் ஜார்ஜியா 1, ஒஹையோ ஸ்டேட் 2, அலபாமா 3, டெக்சஸ் ஏ அண்ட் எம் 4.

இப்போது ஒவ்வோர் அணிக்கும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். அலபாமா 4, ஜார்ஜியா 1, டெக்சஸ் ஏ அண்ட் எம் 1, ஒஹையோ ஸ்டேட் 4. கூட்டினால் 10. அதை 6-ஆல் பெருக்கினால் 60. அணிகளின் எண்ணிக்கை 4. 4-இன் வர்க்கத்தில் 1 கழித்து 4-ஆல் பெருக்கினால் அதுவும் 60. 60-ஐ 60-ஆல் வகுத்து 1-இலிருந்து கழித்தால் 0.

சுத்தமான பூஜ்யம்! தொடர்பே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா? கூடாது. இந்தப் பாடத்தில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அடுத்த படியைத்தான்.

படி 5: எல்லா அணிகளையும் உள்ளே கொண்டுவாருங்கள்

நாம் எடுத்த நான்கும் நாட்டின் உச்சியில் இருப்பவை. திறமையில் அவற்றுக்குள் இருக்கும் இடைவெளி மெல்லியது. அங்கே முடிவைத் தீர்மானிப்பது காயம், பயிற்சியாளர், ஓர் உதை. 2022 டிசம்பர் 31 அன்று ஒஹையோ ஸ்டேட்டின் 50 கெஜ ஃபீல்டு கோல் முயற்சி (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) விலகிப் போனதால்தான் ஜார்ஜியா 42-41 என்று தப்பியது. அது உள்ளே போயிருந்தால் நம் நெடுவரிசையும் மாறியிருக்கும்.

அந்த ஆண்டு உயர்மட்டப் பிரிவில் 131 அணிகள் ஆடின. எல்லாவற்றையும் தாளில் ஏற்றி அதே கணக்கைப் போடுங்கள். (இதற்கு 25 அணிகளோடு நிற்கும் ஏபி பட்டியல் போதாது, எஸ்ஆர்எஸ் போன்ற மதிப்பீடு வேண்டும்.) தொடர்பு பளிச்சென்று தெரியும். உச்சியில் மங்கலாகத் தெரிவது அகலமாகப் பார்க்கும்போது தெளிவாகிறது. ஓர் அணியை மட்டும் காட்டி வாதாடுபவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

இதே எண்ணத்தில் பட் எலியட் என்ற செய்தியாளர் ஒரு எளிய அளவுகோல் வைத்தார். கடைசி நான்கு சேர்ப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருக்க வேண்டும். 2011 முதல் 2024 வரை கோப்பை வென்ற ஒவ்வோர் அணியும் இந்த வாசலைத் தாண்டியது. தாண்டாமலே இறுதிவரை வந்தவற்றில் டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2022 சீசனில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. அடுத்த சீசனில் வாஷிங்டன் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. ஆனால் வாசலைத் தாண்டியும் வெறுங்கையோடு திரும்பியவர்களே அதிகம். ஆகையால் இதைக் கோப்பைக்கான உத்தரவாதமாக வாசிக்காதீர்கள்.

படி 6: எதிர்பார்ப்பிலிருந்து விலகி நிற்பவர்களைத் தேடுங்கள்

எதிர்பார்த்த இடத்திலிருந்து (சேர்ப்புச் சராசரிப்படி வரும் இடம்) உண்மையான இடத்தைக் கழித்து ஒரு நெடுவரிசை சேர்த்து, அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்த இடம் இது. மேலே நிற்பவர்கள் இருக்கும் வீரர்களை வளர்த்தெடுத்தவர்கள். நல்ல பயிற்சியாளர் யார் என்று அறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. 2024-இல் 12 ஆட்டங்கள் வென்ற ஆர்மி (அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி) அங்கே தெரியும். கீழே 2021-இன் டெக்சஸ் இருக்கும்: 2018, 2019 இரண்டிலும் மூன்றாவது இடத்துச் சேர்ப்பு, கேன்சஸிடம் 57-56 தோல்வி, மொத்தம் 5 வெற்றி.

தனி வீரர்களைப் பற்றி இந்தத் தாள் எதுவும் சொல்லாது. 2021, 2022 இரண்டு கோப்பைகளிலும் ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இருந்த ஸ்டெட்சன் பென்னட், உதவித்தொகைகூட இல்லாமல் 2017-இல் அந்த அணிக்கு வந்து சேர்ந்தவர்.

படி 7: 2021-க்குப் பிறகு ஒரு நெடுவரிசை கூடுதல்

அந்த ஆண்டுமுதல் வீரர்கள் கல்லூரி மாறினாலும் ஓர் ஆண்டு காத்திருக்காமல் ஒருமுறை உடனே ஆடலாம் என்று விதி மாறியது. (2024-இல் ஒருமுறை என்ற அந்த வரம்பும் நீங்கியது.) அதனால் பள்ளியிலிருந்து வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு பிசகும். மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து கியான் கோல்மன், ஆல்பனியிலிருந்து ஜாரெட் வெர்ஸ் எனப் பலரை வெளியிலிருந்து எடுத்த ஃபுளோரிடா ஸ்டேட், 2023-இல் தொடர்ந்து 13 ஆட்டம் வென்றது. அவர்கள் போன பிறகு, 2024-இல் 2 வெற்றி, 10 தோல்வி. 247ஸ்போர்ட்ஸ் மாறிவருபவர்களுக்கும் தனி மதிப்பீடு தருகிறது. அதைப் பள்ளிச் சேர்ப்போடு கலந்துவிடாமல் தனியாக எழுதி, அந்த ஒரு சீசனோடு மட்டும் ஒப்பிடுங்கள். அவர்களில் பலர் மறு ஆண்டு அங்கே இருக்க மாட்டார்கள்.