லினக்ஸில் ஓடியது, ஃப்ரீபிஎஸ்டியில் நின்றது

எந்த யூனிக்ஸிலும் ஓட வேண்டிய சிறிய ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒன்றில், ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கோப்பு போலக் கொடுக்கும் பிராசஸ் சப்ஸ்டிடியூஷனைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உள்கட்டளையைத் தனிச் செயல்முறையாக ஓட்டி, இரண்டையும் இணைக்கும் பைப்பின் மறுமுனையை '/டெவ்/எஃப்டி/63' போன்ற கோப்புப் பெயராக வெளிக்கட்டளையிடம் கொடுப்பதுதான் வழி. லினக்ஸில் இரண்டு சார்ட் கட்டளைகளின் வெளியீடுகளை டிஃப் கட்டளை பிசகின்றி ஒப்பிட்டது. இன்னொரு யூனிக்ஸ் வகையான ஃப்ரீபிஎஸ்டியிலோ 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கைவிரித்தது.

முதல் சந்தேகம், புதிய நிரல் தொடங்கும்போது டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) மூடிவிடும் குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி மேல். ஷெல் தன் சொந்த டிஸ்கிரிப்டர்களை 10-க்கு மேல் நகர்த்தி அந்தக் கொடியைப் போட்டுவிடும். பைப்பும் அதில் சிக்கியிருக்கலாம். இல்லை. கட்டளை வரியைப் பிரித்துப் படிக்கும் பார்சரைக் குடைந்தேன், அதுவும் சுத்தம். பல நாட்கள் இப்படியே போயின.

நிரலின் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் டிரஸ் கருவியில் பார்த்தால் டிஸ்கிரிப்டர் திறந்தே இருந்தது, பெயர்தான் இல்லை. '/டெவ்/எஃப்டி' அடைவைப் பட்டியலிட்டேன்: 0, 1, 2 மட்டுமே! ஃப்ரீபிஎஸ்டியில் எஃப்டெஸ்க்எஃப்எஸ் கோப்பு முறைமையை மவுண்ட் செய்தால்தான் மற்ற எண்கள் தோன்றும். தொகுக்கும் முன் கணினியில் என்ன வசதி உண்டு என்று பார்க்கும் கன்ஃபிகர் சோதனையோ அடைவு இருப்பதைக் கண்டதுமே தலையாட்டிவிட்டது.

3-ஆம் எண்ணில் ஒரு கோப்பைத் திறந்து, அதை அந்தப் பெயரில் படிக்க முடிகிறதா என்று பார்க்கும்படி சோதனையை மாற்றினேன். முடியாவிட்டால் எம்கேஃபைஃபோ அழைப்பு வழியாகப் பெயருள்ள பைப். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: மறுமுனையை யாராவது திறக்கும்வரை ஓப்பன் அழைப்பு காத்துக்கிடக்கும். தாய் ஷெல் அதைத் திறந்தால் அங்கேயே உறைந்துவிடும். ஃபோர்க்கில் செயல்முறை இரண்டாகப் பிரிந்த பின் சேய்ச் செயல்முறைதான் திறக்க வேண்டும். கட்டளை முடிந்ததும் ஷெல் அந்தக் கோப்பை நீக்கிவிடுகிறது.