கடலோரத்தில் குதிரை வளர்ப்பது: ஆடி முதல் ஆனி வரை

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, தமிழ்நாட்டில் குதிரை வாங்க நினைப்பவர்கள் அனைவரும் அறிந்தது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்காரர் ஒருவர் அங்கே மட்டக்குதிரை ஒன்றை வாங்கினால், வறண்ட உள்நாட்டு மண்ணில் நின்று பழகிய அந்தக் குதிரையை உப்புக்காற்று வீசும் கரையோரத்துக்குக் கொண்டுவருகிறார். மூன்று மாதம் ஆவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். புதிதாகக் குதிரை வளர்ப்பவர்கள் நம் ஊர் வெயிலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் வெயிலைவிடக் காலடியில் தேங்கும் ஈரமும், திடீரென்று மாற்றப்படும் தீனியும்தான் இங்கே குதிரையைப் படுக்க வைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் மையமாக வைத்தே எழுதப்பட்டுள்ளது. இதில் வரும் அளவுகள் சுமார் 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு உரியவை.

வாங்குவதும் ஏற்றி வருவதும்

குதிரை வாங்குவதற்கு முன் சுழி பார்ப்பது நம் வழக்கம். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டுக் குளம்பையும் பாருங்கள். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கெட்டியான தரையில் நேர்கோட்டில் துள்ளு நடையில் ஓட்டச் சொல்லி எதிரே நின்று கவனியுங்கள். முன்கால் வலிக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். மூக்கில் சளி ஒழுகினாலோ, தோலில் கட்டிகள் தென்பட்டாலோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. அந்த நோய் இல்லை என்பதற்கான இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குவது நம் உயிருக்கும் பாதுகாப்பு.

வண்டியில் ஏற்றும்போது தலைக்கயிற்றை உயரமாக இழுத்துக் கட்டிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். பல மணி நேரம் தலை தூக்கியபடியே வந்த குதிரைக்கு நுரையீரலில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வரலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விடுங்கள். விற்றவரிடம் அவர் என்ன தீனி கொடுத்தார் என்று கேட்டு, பத்து நாளுக்கு வேண்டியதைக் கையோடு வாங்கி வாருங்கள். ஏற்கெனவே வேறு குதிரை இருந்தால், புதியதை மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

லாயம்

லாயத்தின் தரை, சுற்றியுள்ள மண்ணைவிட ஒன்றரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். அடியில் உடைகல்லும் அதற்கு மேல் கேப்பர் மலைப் பக்கம் காணப்படுவது போன்ற செம்மண் சரளையும் போட்டு இறுக்கி, ஒரு பக்கம் லேசாகச் சரிவு கொடுத்தால் மூத்திரம் தேங்காமல் வடியும். வழவழப்பான சிமெண்டுத் தரை சுத்தம் செய்ய வசதியாக இருக்கும். ஆனால் மழைநாளில் குதிரை வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். சிமெண்டுத் தரைதான் இருக்கிறது என்றால் ரப்பர் விரிப்பு போடுங்கள். 10 அடிக்கு 12 அடி இடம் ஒரு மட்டக்குதிரைக்குப் போதும். கூரைக்குத் தென்னங்கீற்றே மேல். தகரக் கூரையின் கீழ் பகலில் வேகும். மழை கொட்டும்போது எழும் சத்தத்தில் குதிரை மிரளும்.

கொசுவுக்காக மாலையில் நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை போடுகிறோம். மாட்டுக் கொட்டகையில் செய்வதுபோல உள்ளேயே மூட்டம் போடாதீர்கள். குதிரையின் நுரையீரல் புகையைத் தாங்காது; காற்று வரும் திசையில், லாயத்துக்கு வெளியே, தள்ளியே போட வேண்டும்.

தீனி

எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மாட்டைப்போல் அசை போடும் வயிறும் அதற்கு இல்லை. சிறிய இரைப்பையோடு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும்படி அமைந்த உடம்பு அது. ஆகவே இரண்டு வேளை தவிட்டையும் கொள்ளையும் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மீதி நேரம் வெறுமனே கட்டி வைப்பது, அன்பாகச் செய்தாலும் கெடுதலே. உலர்ந்த புல்லாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அதையே கொடுப்பதானால் 20 கிலோவுக்குக் குறையாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். வயல் வரப்புகளில் கிடைக்கும் அறுகம்புல்லைவிடச் சிறந்தது நம் பகுதியில் வேறில்லை. மாட்டுக்காக எல்லோரும் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால், அவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலும்பு பலமிழந்து முகத்தின் இருபுறமும் வீங்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் தவிடு மிகுந்தாலும் இதே கதிதான். எனவே ஒட்டுப்புல்லைப் பாதிக்கு மேல் போகவிடாமல், வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும், விருத்தாசலம் பக்கம் அறுவடைக்குப் பின் கிடைக்கும் நிலக்கடலைக் கொடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலைக்கொடியை நன்றாக உதறி, மண் போக்கி, பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிட்டுப் போட வேண்டும். வைக்கோல் குதிரைக்கு முழுத்தீனி ஆகாது, குடலில் அடைத்துக்கொள்ளும். ஆடு விரும்பித் தின்னும் சவுண்டல் தழையைக் குதிரைக்குத் தொடர்ந்து கொடுத்தால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும்.

கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். வேலை செய்யாத குதிரைக்கு அது தேவையே இல்லை. வண்டியிழுக்கும் குதிரைக்கு நாளைக்கு ஒரு கிலோவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். கல்லுப்பு 25 கிராம் தினமும் வேண்டும். தண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தீனியை மாற்றுவதானால் பழையதோடு புதியதைக் கலந்து, பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். சந்தையிலிருந்து பழைய தீனியைக் கையோடு வாங்கி வரச் சொன்னது இதற்காகத்தான்.

தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் குதிரை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் தரையில் தீனியைக் கொட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். அது வெளியேறாமல் பெருங்குடலின் அடியில் படிந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை, தரையில் படாத மேற்பகுதி லத்தியில் நான்கைந்து உருண்டைகளை எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நார் மேலே மிதக்கும். கலங்கல் இறங்கியதும் அடியில் மணல் கோடாகத் தெரியும். ஒரு தேக்கரண்டி அளவு தென்பட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தீனியைத் தொட்டியில் போடுவதும், தொட்டிக்குக் கீழே ரப்பர் விரிப்பு போடுவதும்தான் இதற்குத் தடுப்பு.

குதிரை தீனியைத் தொடாமல் முன்காலால் தரையைக் கிளறினால், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தால், படுத்துப் புரண்டால், லத்தி போடவில்லை என்றால், அது வயிற்றுவலி. உடனே தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்; அவர் வரும்வரை மெதுவாக நடத்துங்கள். எண்ணெயையோ கஷாயத்தையோ மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டாதீர்கள்; அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் குதிரை பிழைப்பது அரிது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை நன்றாக இருக்கும்போதே, குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை

தினமும் காலையும் மாலையும் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்வது மழைக்காலத்தில் தவறவே கூடாத வேலை. குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதியும், அதன் இரு பக்கமும் பள்ளங்களும் இருக்கும். குளம்பு கிண்டியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுத்துச் சேற்றை எடுங்கள். பள்ளத்திலிருந்து கறுப்பாக ஏதேனும் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் ஈரம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். கழுவி, துணியால் ஒற்றி, முற்றும் உலர்ந்தபின் நீர்த்த பொவிடோன் அயோடின் தடவி, அன்று முழுவதும் உலர்ந்த தரையில் நிறுத்துங்கள். மருந்தைவிட உலர்ந்த தரையே இதைக் குணமாக்குகிறது. லாடம் அடிப்பவரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்துக் குளம்பைச் சீர்செய்ய வேண்டும். ஆணியோ முள்ளோ குத்தினால் ரணஜன்னி (டெட்டனஸ்) குதிரையை எளிதில் பிடிக்கும். ஆண்டுக்கொருமுறை அதற்கான தடுப்பூசி கட்டாயம்.

தொடர்மழையில் நான்கைந்து நாள் வேலையின்றி நிற்கும் குதிரைக்கு வழக்கமான கொள்ளைக் கொடுத்துவிட்டு, வானம் வெளுத்த அன்றே வண்டியில் பூட்டினால், சிறிது தூரத்திலேயே பின்தொடைத் தசைகள் கட்டைபோல் இறுகி நின்றுவிடும்; சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரை வரவழையுங்கள். வீடுவரை நடத்திவந்தால் தசை மேலும் சிதையும். வேலை இல்லாத நாளில் கொள்ளை நிறுத்திப் புல்லை மட்டும் கொடுத்தாலே இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

புயலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. எச்சரிக்கை வந்த அன்றே, தென்பெண்ணை, கெடிலம் கரைப் பகுதியிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் கேப்பர் மலைப் பக்கமோ கோரிமேட்டுப் பக்கமோ தெரிந்தவர் இடத்துக்குக் குதிரையை மாற்றிவிட வேண்டும். மூன்று நாளுக்கான உலர்தீனியும் நல்ல தண்ணீரும் உடன் போகட்டும். தென்னை மரத்தடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அருகிலும் நிறுத்தாதீர்கள். வேறு வழியே இல்லாமல் இருந்த இடத்திலேயே விட நேர்ந்தால், கட்டி வைக்காமல் அவிழ்த்துவிடுங்கள். குளம்பில் உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

மழை ஓய்ந்தபின் கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா என்ற இரத்த நோயைப் பரப்பும். விட்டுவிட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் மெலிதல், அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம் ஆகியவை கண்டால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஓய்வில் இருக்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு.

பொங்கலும் மாசி மகமும்

மாட்டுப் பொங்கலன்று குதிரையையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டாடுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஹயக்ரீவருக்குத் திருவந்திபுரம் ஔஷதகிரியிலும், குதிரையேறும் அய்யனாருக்கு ஊர் எல்லைகளிலும் கோயில் வைத்துக் கும்பிடும் பகுதி இது. ஆனால் மாட்டுக்கு ஊட்டுவதுபோல் சர்க்கரைப் பொங்கலை உருட்டி ஊட்டக் கூடாது. மாவுச்சத்தும் வெல்லமும் மிகுந்தால் வயிறு புளித்து வலி எடுக்கும்; அதைத் தொடர்ந்து குளம்புக்குள் வீக்கம் கண்டு நிரந்தரமாக நொண்டிப் போகவும் கூடும். பெயருக்கு ஒரு விரல் நுனி அளவு வாயில் தடவி, ஒரு கேரட்டையோ விரல் நீளக் கரும்புத் துண்டையோ கொடுங்கள். மாலை கட்டுவதானால் சாமந்தியில் கட்டுங்கள். அரளி மாலையைக் குதிரையின் கழுத்தில் போடவே கூடாது. அரளியின் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு. கைப்பிடி இலைக்கும் குறைவாக உள்ளே போனாலே இதயம் நின்றுவிடும். கோயிலில் கழித்த மாலைகளை லாயத்தின் பக்கம் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்தின் கிராமங்களிலும் குதிரைக்கென்று ஒரு நாள் உண்டு. 1907ஆம் ஆண்டிலிருந்து தம் நாட்டுக் குதிரை இனத்துக்கு வம்சப் பதிவேடு வைத்திருக்கும் மக்கள் அவர்கள். குதிரைகளின் காவலராகக் கருதப்படும் புனித முடியப்பரின் திருநாளான டிசம்பர் 26 அன்று, பண்ணைக் குதிரையைச் சறுக்குவண்டியில் பூட்டிப் பனியில் ஓட்டிச் செல்வது அங்கே பழைய வழக்கம். குதிரையின் உடம்புக்கு ஏற்ற மரியாதை அது. நாமும் மாட்டுப் பொங்கல் காலையில், பட்டாசும் கூட்டமும் தொடங்கும் முன், ஒரு மணி நேரம் வயல் பாதையில் ஓட்டிவிட்டு வந்து குளிப்பாட்டினால், பண்டிகையில் குதிரைக்கும் பங்கு கிடைக்கும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக்குக் கூடும் கூட்டத்துக்குள், மேளத்துக்கும் வெடிக்கும் பழகாத குதிரையைக் கொண்டுபோக வேண்டாம்.

கோடை

அக்னி நட்சத்திர நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். தண்ணீர் 30 லிட்டருக்கு மேலும் குடிக்கும். நம் கரையோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலை முடிந்து வந்த குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். மூச்சு வேகமாக வாங்க, தோல் மட்டும் சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுவதும் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றி, மருத்துவரை அழையுங்கள். அப்படிப்பட்ட குதிரைக்கு ஆனி முடியும்வரை வேலை கொடுக்கக் கூடாது. பல் விளிம்புகளை ராவுவது, தடுப்பூசி, லாயத்துக்குப் புதுக் கீற்று மாற்றுவது ஆகிய மூன்றையும் இந்த ஓய்வுக் காலத்திலேயே செய்து முடித்துவிடுங்கள்.