செங்கோட்டை டூ புனலூர்: பழைய மலை ரயில் பாதைய ஒரே நாள்ல பாக்குறது எப்படி

குற்றாலம் வர்றவங்க எல்லாம் குளிச்சிட்டு புரோட்டா சாப்ட்டுட்டு அப்படியே ஊருக்கு கிளம்பிடுறாங்க, அஞ்சாறு கிலோமீட்டர்ல செங்கோட்டைன்னு ஒரு ரயில்வே ஊர் இருக்குறத கண்டுக்கிறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். ஒரு நாள் ஒதுக்குனா போதும், போகும்போது ரயில், வரும்போது பஸ். மாத்தி பண்ணாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

காலைல ஊருக்குள்ள வாஞ்சிநாதன் மணிமண்டபத்த பாத்துட்டு ஸ்டேஷனுக்கு போங்க. வாஞ்சி பொறந்தது செங்கோட்டை, வேலை பாத்தது புனலூர்ல, திருவாங்கூர் வனத்துறைல. 1911 ஜூன் 17 அன்னைக்கு கலெக்டர் ஆஷை சுட்டது மணியாச்சி ஜங்ஷன்ல நின்ன ரயில்ல. நீங்க இன்னைக்கு போகப்போறதும் அவர் பொறந்த ஊர்ல இருந்து வேலை பாத்த ஊருக்குத்தான், அத மனசுல வச்சிக்கிட்டு ஏறுங்க.

ரயில் டைம் அடிக்கடி மாறுது, முந்தின நாளே ஆப்ல செக் பண்ணிக்கோங்க, பகல் வண்டியா பாத்து ஜன்னல் சீட் பிடிங்க. இந்த லைன் 1904ல மீட்டர் கேஜா ஓடத் தொடங்குனது, 2010ல மலைப் பகுதிய மூடிட்டு அகலப்பாதையாக்கி 2018லதான் முழுசா திறந்தாங்க, அந்த எட்டு வருஷமும் எங்க ஸ்டேஷன் பாதி உயிரோடதான் கிடந்துச்சு. மலையேறுறதுக்கு பின்னாடியும் ஒரு இஞ்சின் கோர்ப்பாங்க, கொஞ்சம் முன்னாடியே போனீங்கன்னா பாக்கலாம். புனலூருக்கு 50 கிலோமீட்டர்தான், ஆனா வண்டி மெதுவா ஏறி இறங்குறதால ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

பகவதிபுரம் தாண்டுனதும் போன உள்ள வச்சிருங்க. பெரிய குகை வரும், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். உள்ள போனதும் வெயில் சட்டுனு அணைஞ்ச மாதிரி இருட்டு, ஈரப் பாறை வாசனை, கைல சில்லுனு காத்து, பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்தும், சக்கரச் சத்தம் ரெண்டு பக்கச் சுவர்லயும் மோதி காதுக்குள்ள வந்து உக்காந்துக்கும். வெளிய வந்தா கேரளா, ஆரியங்காவு. நூறு வருஷத்துக்கு முன்ன இத்தன நீளத்துக்கு பாறைய குடைஞ்சிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது. குகைக்குள்ள நடந்து போய் ரீல்ஸ் எடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, வண்டி வந்தா ஒதுங்க இடம் தேடி தடுமாறுவீங்க, இது யானை நடமாடுற காடும் கூட.

புனலூர்ல இறங்கி தூக்குப்பாலத்துக்கு, அதாவது சங்கிலில தொங்குற பழைய பாலத்துக்கு, ஆட்டோ பிடிங்க. கல்லடை ஆத்துக்கு குறுக்க 1877ல ஆல்பர்ட் ஹென்றிங்கற இஞ்சினியர் கட்டுனது, ரயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. இப்ப நடந்து மட்டும்தான் போகலாம். நடுவுல நின்னு குனிஞ்சு பாருங்க, பலகை இடுக்குல தண்ணி ஓடுறது தெரியும், கைய சங்கிலி மேல வச்சா ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு கனம்னு புரியும். அரை மணி நேரமாவது நில்லுங்க, ஓடிப்போய் செல்ஃபி எடுத்துட்டு வர்ற இடம் இல்ல அது.

திரும்ப தென்மலை வழியா வர்ற தென்காசி பஸ்ல ஏறுங்க. ஏன் பஸ்னா, கழுதுருட்டி பக்கத்துல இருக்குற பதிமூணு கண் பாலம் ரயில்ல உக்காந்திருந்தா உங்க காலுக்கு கீழ இருக்கும், ஒன்னும் தெரியாது, ரோட்டுல நின்னாத்தான் பதிமூணு கல் வளைவும் வரிசையா தெரியும். கண்டக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி இறங்கிக்கோங்க. மேல ரயில் போற நேரமா அமைஞ்சா அதிர்ஷ்டம்தான். ஆரியங்காவு சாஸ்தா கோயிலும் வழிலதான், மார்கழி சமயத்துல மதுரைல இருந்து சௌராஷ்டிரா ஆளுங்க பொண்ணு வீட்டுக்காரங்களா சாஸ்தாவுக்கு கல்யாணம் நடத்த வருவாங்க, அப்ப போனா இன்னும் நல்லது.

கடைசியா செங்கோட்டைல இறங்கிடாதீங்க, அதே பஸ்ல கொஞ்சம் தள்ளி பிரானூர் பார்டர்ல இறங்குங்க. புரோட்டா, கோழி எல்லாம் அங்கதான். கேரளா எல்லைய புளியரை பக்கமே தாண்டி வந்தாச்சு, அப்புறம் இங்க என்ன பார்டர்னு பிள்ளைங்க கேக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவாங்கூர் பக்கம், எல்லை இங்கதான் இருந்துச்சு. எல்லை மலைக்கு போயிருச்சு, பஸ்ல கண்டக்டர் இன்னைக்கும் 'பார்டர் எறங்கு'ன்னுதான் கூப்பிடுறாரு.