கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மீட்டர் கேஜ் வண்டிகள் 2004இல் நின்றுபோய், இப்போது முழுக்க அகலப்பாதை. வண்டிகள் செங்கல்பட்டு வரை போகின்றன; சில அதையும் தாண்டி காஞ்சிபுரம், திருமால்பூர், அரக்கோணம் வரை. கடற்கரையில் ஏறித் தாம்பரத்தில் இறங்கப் பத்து ரூபாய்தான் டிக்கெட். இந்தப் பாதையை ஒட்டிப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயின் அருமை தெரியும்.

இந்த லைனில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும் அந்த அரை நிமிடத்தில் எடுக்கிற முடிவுகள். எந்த வண்டி என்று பார்க்காமல் ஏறுவது, படியில் தொற்றிக்கொள்வது, டிக்கெட் எடுக்காமல் ஓடுவது எல்லாமே அந்த நேரத்தில்தான். முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அந்த அரை நிமிடத்தில் யோசிக்க எதுவும் இருக்காது.

தாம்பரம் வண்டியும் செங்கல்பட்டு வண்டியும்

புதிதாக வருபவர்கள் எல்லா வண்டியும் ஒன்று என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள். நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு முடிந்துவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று அதற்கு அப்பால் போக வேண்டியவர்கள் செங்கல்பட்டு வரையோ அதைத் தாண்டியோ போகிற வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இது. கிளாம்பாக்கம் இருப்பது வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில். ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சோடு தாம்பரம் வண்டியில் ஏறிவிட்டால், அங்கே இறங்கிப் படியேறி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாம்பலத்தில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குகிறவர், முதலில் வந்தது என்பதற்காகச் செங்கல்பட்டு வண்டியில் முண்டியடித்து ஏறுகிறார். அவருக்குச் சில நிமிடங்களில் தாம்பரம் வண்டி வரும். மறைமலைநகருக்குப் போக வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. அதை விட்டால் வெகுநேரம் நிற்க வேண்டும். சட்டப்படி இது தவறில்லை. ஆனால் முடிந்தவர்கள் அந்த வண்டியைத் தூரம் போகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் பெட்டிக்குள் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஃபாஸ்ட் வண்டிகள் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள், சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் பெயரை நம்பி மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். இறங்க வேண்டியது அடுத்த ஸ்டேஷனான திரிசூலம், விமான நிலையம் சாலைக்கு எதிர்ப்பக்கம். சென்ட்ரல் போக வேண்டியவர்களுக்கு பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து சுரங்கப்பாதை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலைக்காக ரத்து செய்வதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். முந்தின நாள் செய்தியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

டிக்கெட் விஷயம்

மொபைலில் காகிதமில்லா டிக்கெட் எடுப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது: பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு, வண்டி தெரிகிற நேரத்தில் ரயில்வே டிக்கெட் ஆப்பைத் திறக்கிறார்கள். தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தால் ஆப் டிக்கெட் கொடுக்காது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தவுடன் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பழக்கத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வீட்டிலிருந்தோ வரும் வழியிலோ எடுத்துவிடுங்கள். ஆனால் ரொம்ப முன்னாடியும் வேண்டாம், புறநகர் டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கியாக வேண்டும். மறந்துபோய் ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

ஆப்பில் காகித டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதை மெஷினிலோ கவுன்டரிலோ அச்சடித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். போனில் இருக்கிறதே என்று காட்டினால் செல்லாது. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. அதனால் புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டையும் பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்தது. அதற்குத் தனிக் கட்டணம், தொடக்கமே 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டோ சாதாரண சீசனோ அதில் செல்லாது. வெயிலுக்குப் பயந்து ஏறிவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. கூட்டத்தில் கண்ணில் பட்ட கதவு என்று ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறுவதும் இதே கதைதான். உரிய டிக்கெட் இல்லாமல் போனால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியில், தாம்பரம்தானே, ஒரே பாதைதானே என்று புறநகர் டிக்கெட்டோடு ஏறுவதும் தவறு. அதன் கட்டணம் வேறு. மகளிர் பெட்டியில் ஏறும் ஆண்களுக்குத் தனி அபராதம் இருக்கிறது. தெரியாமல் ஏறிவிட்டேன் என்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறட்டும்.

சீசன் டிக்கெட்டை முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். இது தெரியாமல் திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர்.

படியில் நிற்பது

2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன வண்டி, வழக்கமான புறநகர் பாதைக்குப் பதிலாக விரைவு ரயில்கள் ஓடும் பாதையில் விடப்பட்டது. கூட்டம் அதிகம், படியில் பலர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையோரம் இருந்த கான்கிரீட் தடுப்பில் மோதிக் குறைந்தது நான்கு பேர் இறந்துபோனார்கள். தினமும் போகிற பாதைதானே, எந்த இடத்தில் எந்தக் கம்பம் வரும் என்று எனக்குத் தெரியும் என்று படியில் நிற்பவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு வண்டி போனது அவர்களுக்குத் தெரிந்த பாதையில் இல்லை. இந்த ஒன்றை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

உள்ளே இடம் இருந்தும் வாசலில் நிற்பதற்குக் காரணம் பயம்தான். கிண்டியில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்று. அதற்கு இந்த வண்டிகளிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. சைதாப்பேட்டை தாண்டியதும் முன்னால் நிற்பவரிடம் "கிண்டி இறங்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். இறங்குபவர் என்றால் அவர் பின்னாலேயே நின்றால் போதும். இல்லை என்றால் உடம்பைத் திருப்பி வழி விடுவார். ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இப்படி நகர்ந்துவிட்டால் எவ்வளவு கூட்டத்திலும் இறங்கிவிடலாம். முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொண்டால் இன்னும் எளிது.

பெரும்பாலான வண்டிகளுக்கு 12 பெட்டிகள். நடைமேம்பாலப் படி இறங்கும் இடத்துக்கு நேரே நிற்கும் பெட்டியில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். இரண்டு நிமிடம் முன்னாடி வந்து பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தால் நிற்கவாவது இடம் கிடைக்கும்.

தண்டவாளத்தைக் கடப்பது

எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே புறநகர் பாதைக்குப் பக்கத்திலேயே விரைவு ரயில் பாதையும் ஓடுகிறது. ஒரு வண்டி போகட்டும் என்று காத்திருந்து, அது கடந்தவுடன் குறுக்கே இறங்குகிறோம். போய்க்கொண்டிருக்கும் வண்டியின் சத்தத்தில் எதிர்ப்பக்கம் வரும் வந்தே பாரத்தின் சத்தம் கேட்காது, அதன் உடம்பு மறைப்பதால் கண்ணுக்கும் தெரியாது. காதில் இயர்போன் இருந்தால் சொல்லவே வேண்டாம். தாம்பரத்தில் கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாற்றி அறிவிக்கும்போதும் இப்படிக் குதித்து ஓடுகிறார்கள். எந்த பிளாட்பாரம் என்று உறுதியாகும் வரை நடைமேம்பாலத்தில் ஓரமாக நின்றால் இந்த ஓட்டமே தேவையில்லை. அத்துமீறிக் கடந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கதவோரம் போன் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. வண்டி மெதுவாகப் போகும் இடங்களில் திருடர்கள் தண்டவாளத்தோரம் நின்று, கம்பால் கையைத் தட்டிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி போன் விழுந்தால் குதிக்காதீர்கள், அபாயச் சங்கிலியையும் இழுக்காதீர்கள். தகுந்த காரணமில்லாமல் இழுப்பது குற்றம். வெளியே பாருங்கள். மேலே மின்கம்பி தாங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு எண் எழுதியிருக்கும், மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். கண்ணில் பட்ட முதல் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ரயில்வே போலீசிடம் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் போனில் 139க்கு அழையுங்கள். எண் தெரிந்தால் தேடுகிறவர்கள் நேராக அந்த இடத்துக்கே போவார்கள்.