லூவர் அலமாரிக் கதவுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாம், சொட்டு விழாமல்

எங்கள் படுக்கையறை அலமாரிக்கு லூவர் கதவு, அதாவது சட்டத்துக்குள் சாய்வுப் பலகைகள் அடுக்கிய கதவு. அதில் முதல் கதவை அடித்து முடித்த இரவு, முன்பக்கம் அவ்வளவு பளபளப்பாக இருந்தது. காலையில் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒவ்வொரு சாய்வுப் பலகையின் முனையிலும் ஒரு சொட்டு வழிந்து, அரிசி மணி அளவுக்கு உறைந்து நின்றது. மொத்தம் 32 பலகைகள், அத்தனையிலும் சொட்டு. அதையெல்லாம் பிளேடால் சீவி, தேய்த்து, மறுபடி அடிக்க இரண்டு நாள் போனது. லூவர் கதவில் நாம் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்தில் தப்பு நடப்பதில்லை, அந்தப் பக்கம்தான் நடக்கிறது. இது மனதில் இருந்தால் மீதி வேலை எல்லாம் பொறுமையும் கைப்பழக்கமும்தான்.

முதலில் கதவு என்ன மரம் என்று பாருங்கள். பழைய தேக்காக இருந்தால் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள், தேய்த்து பாலிஷ் போட்டாலே போதும், அந்த ரேகையை மூடிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அடித்தே ஆக வேண்டும் என்றால், தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது என்பதால் பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு முன்னால் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ரப்பர் மரம், பைன் மரம் என்றால் கவலையில்லை. பைனில் கணு இருக்கும் இடத்தில் பிசின் கசிந்து வெள்ளை பெயின்ட்டில் மஞ்சள் கறை தெரியும், அங்கே மட்டும் முதலில் அரக்கு பாலிஷ் தொட்டு வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கதவில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்கள். முகத்தில் என்95 மாஸ்க் இருக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. கீழே விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கதவைக் கழற்றாமல் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அடிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் எட்டாது, வழிசல் கட்டாயம். திருப்புளி எடுத்துக் கழற்றிவிடுங்கள். எந்தக் கதவு எந்தக் கீலில் இருந்தது என்று கீல் உட்காரும் பள்ளத்திலேயே பென்சிலால் எண் போடுங்கள், அந்த இடத்தை டேப் ஒட்டி மூடிவிட்டால் எண்ணும் அழியாது. ஸ்க்ரூக்களையும் கைப்பிடியையும் கதவுக்கு ஒரு டப்பாவாகப் போட்டு வையுங்கள்.

அப்புறம் ஒரு நல்ல உபாயம். கதவின் மேல் விளிம்பில் நடுவில் ஒரு நீள ஸ்க்ரூ, கீழ் விளிம்பில் இரண்டு ஓரமும் ஒவ்வொன்று, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முடுக்குங்கள். இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே அந்த மூன்று ஸ்க்ரூவும் தாங்கக் கதவைப் படுக்க வைத்தால், ஒரு பக்கம் ஈரமாக இருக்கும்போதே ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் திருப்பிவிடலாம். ஓட்டை மேலும் கீழும்தான் இருக்கும், மாட்டிய பிறகு யார் கண்ணிலும் படாது.

சுத்தம் செய்வதுதான் அலுப்பான பகுதி. பலகை இடுக்கில் வருஷக்கணக்கான தூசி, கைபட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு மரஸ்கேலில் பழைய சாக்ஸை மாட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு இடுக்காக விட்டு இழுங்கள். மூலைக்குப் பழைய டூத் பிரஷ். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அதை மரத்துக்குள் தேய்த்து ஏற்றுவதாகிவிடும்.

தேய்க்க 180 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 220. நோக்கம் பழைய பூச்சை முழுக்க உரிப்பது அல்ல, பளபளப்பு போய் மங்கலாக வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் பலகை சட்டத்துக்குள் நுழைகிற மூலை வரைக்கும் போகும். பள்ளம், ஆணி ஓட்டைக்கு லப்பம் வைத்துத் தேய்த்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். வேட்டித் துணியில் நூல் பிசிறு வராது.

பெயின்ட் எவ்வளவு வாங்குவது? கதவின் நீள அகலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பாதியில் தீர்ந்துவிடும். பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலேயே வரும், இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடிக்கு 2 அடி கதவு இரண்டு என்றால், இரு பக்கமும் சேர்த்து ஒரு கோட்டுக்கே கிட்டத்தட்ட 100 சதுர அடி. ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வாங்கினால் தாராளம்.

ஆயில் எனாமலா, தண்ணீர் எனாமலா? வெள்ளை அடிப்பதென்றால் நான் தண்ணீர் எனாமல் பக்கம்தான். ஆயில் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் நாளாக ஆக மஞ்சளாகும், அலமாரிக் கதவின் உள்பக்கம் எப்போதும் இருட்டுதானே. தண்ணீர் எனாமலில் வாடையும் குறைவு, சில மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். ஆயில் எனாமல் என்றால் ஒரு இரவு விட வேண்டும். அடர் நிறம் என்றால் ஆயில் எனாமலின் மினுமினுப்பு தனி அழகுதான், மறுக்கவில்லை.

இப்போது அடிக்கும் முறை. பிரைமருக்கும் இதேதான். ஒரு இன்ச் பிரஷ் போதும். முடியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முக்கி, டப்பா விளிம்பில் இரு பக்கமும் தட்டிவிடுங்கள். பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள், கை பழகட்டும். முதலில் பலகை சட்டத்தைத் தொடும் இரண்டு முனைகள், அங்கே கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் குத்தினாற்போல் தொட்டால் போதும். பிறகு பலகையின் நடுவில் பெயின்ட்டை வைத்து, நடுவிலிருந்து முனையை நோக்கி இழுங்கள். முனையில் பிரஷை வைத்து ஆரம்பித்தால் பெயின்ட் மொத்தமும் மூலையில் இறங்கித் தேங்கும், அதுதான் பிறகு அந்தப் பக்கம் சொட்டாக வரும். ஐந்தாறு பலகை முடிந்ததும் நிறுத்துங்கள். குனிந்து அடுத்த பக்கத்தைப் பாருங்கள். மூலையில் சின்ன வீக்கம் மாதிரி ஈரம் மினுங்கினால் காய்ந்த பிரஷின் நுனியால் தொட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொருமுறை பாருங்கள். பலகையெல்லாம் முடிந்த பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம், மர ரேகை போகும் திசையிலேயே.

ஒரு கோட்டில் மூடிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் கோட் கீழே இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும். காய்ந்ததும் 320 நம்பர் தாளால் லேசாகத் தடவி, துடைத்து, இரண்டாவது. வெள்ளைக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். குச்சியால் திறந்து மூடுகிற வகைப் பலகை என்றால் காயும்போது இரண்டொரு முறை அசைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

நான்கைந்து கதவுக்கு மேல் இருந்தால் ஸ்ப்ரே வாடகைக்கு எடுப்பது நல்லது. ஒன்றிரண்டு கதவுக்கு அறையை மூடிக்கட்டுகிற நேரத்தில் பிரஷிலேயே வேலை முடிந்துவிடும்.

நம் ஊர் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடாதீர்கள், காயவே காயாது. ஆடிக் காற்றில் தூசி வந்து ஒட்டும். தை, மாசி சரியான காலம். அப்போதும் நிழலில்தான், நேர் வெயிலில் வைத்தால் கொப்புளம் வரும்.

ஆயில் எனாமல் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே மாட்டிவிட வேண்டாம். உள்ளே இறுகக் குறைந்தது நான்கைந்து நாள் ஆகும், அதற்கு முன் மூடினால் கதவு நிலையோடு ஒட்டி, திறக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். மிச்சம் இருக்கிற பெயின்ட்டைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, ஷேடு நம்பரை எழுதி ஒட்டி, அதே அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள்.