ஒரே மாதிரி தெரியும் இரண்டு சிறு கல்லூரிகள்: எதில் சேர்வது?

மார்ச் கடைசிக்குள் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் பெரும்பாலும் வந்துவிடும். பதில் சொல்ல வழக்கமாக மே 1 வரை நேரம் தருவார்கள். கையில் இரண்டு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் (பல துறைகளையும் தொட்டுப் படிக்க வைக்கும் சிறு இளநிலைக் கல்லூரிகள்) அனுமதிக் கடிதம் இருந்தால் குழப்பம் சாதாரணமாக இருக்காது. சிறிய வகுப்பு, அக்கறையான ஆசிரியர்கள், அழகான வளாகம் என்று இரண்டும் ஒன்றையே சொல்லும். சொந்தக்காரர்களில் பலர் இரண்டின் பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தரவரிசையில் ஒன்று நாலைந்து இடம் முன்னால் இருக்கிறது என்பதற்காக முடிவெடுத்துவிடாதீர்கள். உங்கள் பாடத்தை உங்களுக்கு யார், எந்த வருடம், எந்த வேகத்தில் நடத்தப் போகிறார்கள் என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்க முடியும். அயோவா மாநிலத்தின் கிரின்னல், மின்னசோட்டாவின் கார்ல்டன் இரண்டையும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். இரண்டும் மத்திய மேற்கில், சிறு ஊரில், பெரும்பாலும் மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் நல்ல கல்லூரிகள். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் தெரியும்.

முதல் படி: நான்கு வருடக் கணக்கு

கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையை மட்டும் கழியுங்கள். கடனையும் வளாக வேலைச் சம்பளத்தையும் உதவி என்ற தலைப்பிலேயே சேர்த்து அச்சிடுகிற கடிதங்கள் உண்டு. அவற்றைக் கழிக்கக் கூடாது. கட்டணம் பெரும்பாலும் வருடா வருடம் ஏறும். எனவே, "கட்டணம் ஏறினால் உதவித்தொகையும் ஏறுமா?" என்று இரண்டு கல்லூரிகளின் நிதி உதவி அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

குடும்ப வருமானம் குறைந்திருந்தால் ஆதாரங்களோடு மறுபரிசீலனை கேட்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு உதவி கூடுவது எளிதல்ல, ஆனாலும் மரியாதையாகக் கேட்பதால் வந்த இடம் போய்விடாது. வீட்டை அடமானம் வைத்தால்தான் ஒரு கல்லூரியில் சேர முடியும், இன்னொன்றில் அது தேவையில்லை என்றால், இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: வருடம் எப்படிப் பிரிகிறது?

கிரின்னலில் செமஸ்டர் முறை. பொதுவாக ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடங்கள். கார்ல்டனில் வருடத்துக்குப் பத்து வாரங்கள் கொண்ட மூன்று டெர்ம்கள், டெர்முக்கு மூன்று பாடங்கள். பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிகிறது என்றால் நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே இடைத்தேர்வு வந்துவிடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மறுபக்கம், ஒரே நேரத்தில் மூன்று பாடங்களில் மட்டும் மூழ்கலாம். நவம்பர் கடைசியில் டெர்ம் முடிந்து ஜனவரி வரை நீண்ட விடுமுறையும் கிடைக்கும். மெதுவாகத் தொடங்கிப் பிறகு பிடித்துக்கொள்கிறவருக்குச் செமஸ்டர்தான் வசதி.

கட்டாயப் பாடங்களிலும் வித்தியாசம் உண்டு. கிரின்னலில் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் முதல் செமஸ்டரில் வரும் டியூட்டோரியல் என்ற சிறு குழு வகுப்பு ஒன்றுதான். மற்றவற்றை ஆலோசகரோடு பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்ல்டனில் முதல் டெர்ம் கருத்தரங்கு, பல துறைகளில் சில பாடங்கள், ஒரு மொழி என்று வரையறை இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் மொழி விதியிலிருந்து விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மேலும், கார்ல்டனில் இறுதி ஆண்டில் 'காம்ப்ஸ்' என்ற பெரிய ஆய்வையோ தேர்வையோ ஒவ்வொரு துறை மாணவரும் முடித்தாக வேண்டும்.

மூன்றாம் படி: கட்டம் போடுங்கள்

சிரமமான படி இதுதான். முடிவைத் தருவதும் இதுதான்.

பருவத்துக்கு ஒரு கட்டம் என்று, ஒரு தாளில் நான்கு வருடச் செமஸ்டர்களுக்கு எட்டுக் கட்டங்கள், இன்னொரு தாளில் நான்கு வருட டெர்ம்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். பாடப் பட்டியல் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, கடந்த இரண்டு மூன்று வருடங்களின் வகுப்பு அட்டவணையைத் தேடி எடுங்கள். பல கல்லூரிகளில் அது யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பட்டியலில் ஒரு துறைக்கு முப்பது பாடங்கள் இருக்கலாம். ஆனால் சிறு கல்லூரியின் துறையில் ஏழெட்டு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். மேல்நிலைப் பாடங்கள் பல, இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அதை நடத்துகிறவர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த முறையும் நடக்காமல் போகலாம். நீங்கள் ஆசைப்பட்ட புள்ளியியல் பாடம் நீங்கள் கல்லூரியின் திட்டத்தில் வேறொரு நாட்டுக்குப் போய்ப் படிக்கும் பருவத்தில் வந்தால், அவ்வளவுதான்.

ஆகவே, உண்மையில் நடந்த பாடங்களை மட்டும் கட்டங்களில் நிரப்புங்கள். அப்புறம் துறையின் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து, 'வருகைதரு' (தற்காலிகமாக வந்திருப்பவர்) என்ற அடைமொழியோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் திறமையானவர்களாகவே இருக்கலாம், ஆனால் நான்காம் ஆண்டில் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத அங்கே இருப்பார்களா என்பது சந்தேகம். கணினி அறிவியல் போலக் கூட்டம் மொய்க்கும் துறை என்றால், பாடத்தில் இடம் கிடைக்காதவர்களை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

உங்கள் இரண்டாவது விருப்பத் துறைக்கும் இதே மாதிரி ஒரு கட்டம் போடுங்கள். கல்லூரிக்குப் போன பிறகு துறை மாற்றுகிறவர்கள் நிறைய. இப்படிப்பட்ட கல்லூரிகளின் நோக்கமே அதற்கு இடம் கொடுப்பதுதான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இப்போதைய விதிப்படி பட்டத்துக்குப் பின் 12 மாதம் ஓபிடி என்ற வேலை அனுமதி உண்டு. அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள துறையென்றால் மேலும் 24 மாத நீட்டிப்பு கேட்கலாம். துறையின் பெயரைவிட, அதற்குக் கல்லூரி கொடுத்திருக்கும் சிஐபி எண்தான் (படிப்புகளை வகைப்படுத்தும் அரசுக் குறியீடு) இதை முடிவு செய்கிறது. பொதுப் பொருளாதாரத்துக்கு ஓர் எண், பொருளாதார அளவியலுக்கு வேறு எண். பின்னதுதான் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. "உங்கள் பொருளாதாரப் பட்டத்தின் சிஐபி எண் என்ன?" என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நான்காம் படி: மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள்

சேர்க்கை அலுவலகம் அறிமுகப்படுத்துகிறவரோடு நிற்காமல், உங்கள் துறையில் படிக்கும் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். "காலேஜ் நல்லா இருக்கா?" என்றால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். போன பருவத்தில் கேட்ட பாடம் கிடைத்ததா, கட்டுரையை ஆசிரியர் எத்தனை நாளில் திருத்தித் தந்தார், குளிர்கால விடுமுறையில் எங்கே தங்கினீர்கள், கோடையில் ஆய்வு வேலைக்குச் சம்பளம் தந்தார்களா, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் இரவில் என்ன சாப்பிடுவார் என்று கேளுங்கள்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக: கிரின்னல் பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர், டெ மொயின் நகரம் காரில் ஒரு மணி நேரம். கார்ல்டன் இருக்கும் நார்த்ஃபீல்டு கொஞ்சம் பெரியது. செயின்ட் ஓலாஃப் என்ற இன்னொரு கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. மினியாபொலிஸும் எட்டும் தூரம். குளிர் இரண்டிலும் கடுமை.

ஐந்தாம் படி: பதில் அனுப்புதல்

கட்டங்கள் நிரம்பிய தாள்களை அப்பா அம்மா முன்னால் வைத்துப் பேசுங்கள். முடிவானதும் மே 1க்கு முன்பே ஒரு கல்லூரிக்கு மட்டும் சேர்க்கை வைப்புத்தொகையைக் கட்டுங்கள். இடத்தைப் பிடித்து வைக்க இரண்டிலும் கட்டுவது முறையல்ல. மற்றதற்கு இரண்டு வரியில் நன்றி சொல்லி விலகிவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு அந்த இடம் போகலாம். அன்றைக்கே வங்கிச் சான்றுகளைத் தயார் செய்யத் தொடங்குங்கள். அவற்றைப் பார்த்த பிறகுதான் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவத்தைக் கல்லூரி தரும், அது கைக்கு வந்தால்தான் விசா நேர்காணலுக்குப் போக முடியும்.