உரிமையாளரை எதிர்க்கும் ரசிகர்கள் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்துக் கால்பந்தில், தோற்ற ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் கேலரியிலிருந்து கிளம்பும் முதல் கோஷத்தில் மேனேஜரின், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரின், பெயர்தான் இருக்கும். அவர் கோட்டோரம் கண்ணெதிரே நிற்கிறார். அவரை அமர்த்தியவர், அவர் கேட்ட வீரரை வாங்கித் தராதவர், கிளப்பின் தலையில் கடனை ஏற்றியவர் அந்நேரம் வேறொரு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோகும் இந்தப் பழக்கம்தான் ரசிகர் போராட்டங்களின் முதல் தவறு. உரிமையாளர்களுக்கு மிகவும் பிடித்த தவறும் இதுவே.

2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்று இழுத்து வந்த பேனரில் ஆர்சனல் மேனேஜர் ஆர்சன் வெங்கருக்குப் புது ஒப்பந்தம் தரக்கூடாது என்றிருந்தது. மற்றதில் அவர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றிருந்தது. இரண்டுக்கும் காசு போட்டவர்கள் ஆர்சனல் ரசிகர்கள். கீழே அணி 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. 2018-ல் வெங்கர் விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பங்கு வைத்திருந்த உரிமையாளர் ஸ்டான் குரோன்கே, இன்னொரு பெரிய பங்குதாரரான அலிஷேர் உஸ்மானோவின் பங்குகளை வாங்கிக் கிளப்பை முழுதாகத் தன் கைக்குள் கொண்டுவர ஒப்பந்தம் போட்டார். பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த சிறு பங்குதாரர்கள் கொதித்தார்கள். வெங்கர் விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து மோதிய பெருங்கூட்டமோ அந்த அளவுக்கு அசையவில்லை. குரோன்கே வெளியேற வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் எமிரேட்ஸ் மைதான வாசலில் திரண்டது 2021 ஏப்ரலில், பெரிய கிளப்புகள் சேர்ந்து தனி ஐரோப்பிய லீக் தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் விவகாரம் வெடித்த பிறகு. அதற்குள் அவரைக் கேள்வி கேட்க வெளிப் பங்குதாரர் ஒருவர்கூட மிச்சமில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டின் கதை இன்னும் நீளம். 2005-ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனில் பெரும்பங்கு கிளப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 2013-ல் நீண்டகால மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பின் மோயஸ், வான் ஹால், மொரீன்யோ, சோல்ஷயர், டென் ஹாக் என்று வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் கோபம் கொஞ்சம் தணிந்தது. புது ஆள் வந்ததும் பழைய நம்பிக்கை திரும்பியது. மேனேஜரை நீக்குவது உரிமையாளருக்குச் செலவுதான். ஆனால் அந்தச் செலவில் அவர் ஆறு மாத அமைதியை வாங்கிக்கொள்கிறார். மேனேஜர் உண்மையிலேயே திறமையற்றவராகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அப்போதும் அவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கோஷத்தை முடிவு செய்ய வேண்டும்.

“வெளியே போ” என்பது கோரிக்கை ஆகுமா?

பேனரில் எழுத வசதியான சொல்தான். ஆனால் ஒருவர் தன் சொத்தை விற்கும்படி கூட்டம் கத்துவதால் சட்டப்படி எந்தக் கட்டாயமும் வந்துவிடாது. வாங்க ஆள் வேண்டும், விலை ஒத்துவர வேண்டும், அல்லது அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் கழுத்தில் கைவைக்க வேண்டும். இந்த மூன்றில் எதை நோக்கித் தள்ளுகிறோம் என்று தெரியாத போராட்டம் வெறும் சத்தமாகவே முடியும்.

லிவர்பூல் ரசிகர்களிடம் இதற்கு இரண்டு நல்ல பாடங்கள் உண்டு. 2007-ல் கிளப்பை வாங்கிய டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும் கடனில் மூழ்கினார்கள். 2010-ல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்குத் திருப்ப வேண்டிய கடனின் கெடு நெருங்கியபோது, ஹிக்ஸ் வேறு நிதி நிறுவனங்களிடம் புதுக்கடன் தேடினார். ரசிகர்கள் மைதானத்தில் கத்தியதோடு நிற்கவில்லை. அந்த நிறுவனங்களுக்கே மின்னஞ்சலைக் குவித்தார்கள்: இந்த ஆளுக்குக் கடன் கொடுத்தால் உங்கள் பெயரும் கெடும் என்று. அக்டோபரில் விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம் போய், கிளப் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. தீர்ப்பை எழுதியது ரசிகர்கள் இல்லை, வங்கியும் நீதிமன்றமும்தான். ஆனால் உரிமையாளரின் பலவீனம் கடனில் இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து அங்கேயே அழுத்தினார்கள்.

அடுத்தது 2016 பிப்ரவரி. புது உரிமையாளர்கள் மிக உயர்ந்த டிக்கெட் விலையை 59 பவுண்டிலிருந்து 77 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். சண்டர்லேண்டுடனான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை 59-லேயே நிறுத்தினார்கள். ஒரே கோரிக்கை, அதற்கு ஒரு எண், அந்த எண்ணிலேயே ஒரு நிமிடம். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. “கிளப்பைச் சரியாக நடத்து” என்று கேட்டிருந்தால் அதற்கு ஓர் அறிக்கை வந்திருக்கும், அவ்வளவுதான்.

புறக்கணிப்பு பற்றிய கணக்கு

சீசன் டிக்கெட்டுக்கு முழுப்பணமும் கட்டிவிட்டு ஓர் ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பதால் உரிமையாளருக்கு என்ன நஷ்டம்? உள்ளே விற்காமல் போன உணவும் பானமும் மட்டும். பெரிய கிளப் என்றால் சீசன் டிக்கெட்டை விட்டுக்கொடுத்தாலும் அடுத்த ஆள் வரிசையில் நிற்பார். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் கிளப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒளிபரப்புப் பணம் வாசல் வசூலைவிடப் பல மடங்கு. ஆகவே பெரிய கிளப்பில் காலி இருக்கைக்கு இருக்கும் மதிப்பு, கேமராவில் அது அசிங்கமாகத் தெரியும் என்பதுதான். சிறிய கிளப்பில் நிலைமை வேறு. அங்கே வாசல் வசூல்தான் உயிர்நாடி. அதனாலேயே அங்கே புறக்கணிப்பு கிளப்பையும் சேர்த்துக் கடிக்கும்.

பிளாக்பூலை எடுத்துக்கொள்ளலாம். 2010-11-ல் ஒரே ஒரு சீசன் பிரீமியர் லீக்கில் ஆடியது. வந்த பணம் அணிக்குப் போகாமல் உரிமையாளரான ஓய்ஸ்டன் குடும்பத்தின் பக்கம் போகிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இனி ஒரு காசும் தருவதில்லை என்று ஆண்டுக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே நின்றார்கள். அணி நான்காவது டிவிஷன்வரை சரிந்தது. விமர்சித்த ரசிகர்கள் சிலர் மேல் அவதூறு வழக்கும் பாய்ந்தது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது பெரிய விஷயம். ஆனால் கதவு திறந்தது வேறு இடத்தில். கிளப்பில் பங்கு வைத்திருந்த லாட்வியத் தொழிலதிபர் வலேரி பெலோகன் தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கும்படி ஓய்ஸ்டன் தரப்புக்கு உத்தரவிட்டது. அந்தப் பணம் முழுதாக வராததால் 2019 பிப்ரவரியில் சொத்தைப் பொறுப்பேற்று கடனை வசூலித்துத் தரும் ரிசீவர் நியமிக்கப்பட்டார். மார்ச் 9 அன்று ரசிகர்கள் 15,000 பேருக்கு மேல் உள்ளே திரும்பினார்கள்.

புறக்கணிப்பு வென்றது என்று இதைச் சொல்பவர்களும் உண்டு, வழக்குதான் வென்றது என்பவர்களும் உண்டு. என் கணிப்பு: வழக்கு இல்லாமல் உரிமையாளர் போயிருக்க மாட்டார், காலி இருக்கைகள் இல்லாமல் கிளப்பின் மதிப்பு அவருக்கு உறுத்தியிருக்காது. சும்மா புறக்கணித்தால் போதும் என்று பிளாக்பூலைக் காட்டுகிறவர்கள் பெலோகனை விட்டுவிடுகிறார்கள். சட்டப்படி உரிமைகோரும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று முதல் மாதமே தேடியிருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எடுக்க வேண்டியது.

மைதானத்துக்குள் இறங்குவது

2021 மே 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்டில் ரசிகர்கள் புல்தரைக்குள் புகுந்து, லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிப்போனது. செய்தி உலகம் முழுக்கப் போனது. கிளேசர் தரப்பு முதல்முறையாக ரசிகர் பிரதிநிதிகளுடன் பேச உட்கார்ந்தது. 2024 ஜனவரியில் ரெடிங்கிலும் ரசிகர்கள் உள்ளே இறங்கி, போர்ட் வேலுடனான ஆட்டம் கைவிடப்பட்டது. பலன் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஓல்ட் டிராஃபர்டில் ஒரு போலீஸ்காரர் முகத்தில் வெட்டுக்காயம் பட்டார். மறுநாள் விவாதத்தில் பாதியை அந்தக் காயம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அனுமதியின்றி மைதானத்துக்குள் இறங்குவதும், ஆடுகளத்தை நோக்கி எதை எறிவதும் 1991-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதன்மேல் நீதிமன்றம் தடை போட்டால் ஆண்டுக்கணக்கில் எந்த ஆட்டத்துக்கும் போக முடியாது. ஆவேசத்தில் முன்னால் ஓடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அழைப்பு விடுத்த பெரியவர்கள் பெரும்பாலும் இருக்கையிலேயே இருப்பார்கள்.

ஜெர்மனியைப் பார்த்து அப்படியே செய்யலாம் என்று கிளம்புவது இன்னொரு சறுக்கல். அங்கே 2023 டிசம்பரில், லீக்கின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்க கிளப்புகள் வாக்களித்தன. அதற்குப் பிறகு டென்னிஸ் பந்துகளும் சாக்லேட் நாணயங்களும் ஆடுகளத்தில் மழையாகப் பொழிந்தன. ஆட்டங்கள் பலமுறை நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் பேச்சுவார்த்தையைக் கைவிட்டது. வேலை செய்தது பந்து மட்டும்தானா? அங்கே 50+1 விதிப்படி பெரும்பாலான கிளப்புகளில் வாக்குப் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்கிறது. பந்தை எறிந்தவர்கள் கிளப் கூட்டத்தில் நிர்வாகிகளைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள். எதிரெதிர் கிளப்புகளின் ரசிகர்கள் ஒரே கோரிக்கையோடு ஒரே வாரக்கடைசியில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் அந்த வாக்கு கிடையாது. பந்து மட்டும்தான் கையில் இருக்கும்.

நிர்வாகியின் வீட்டு வாசலுக்குப் போவது பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. 2020 ஜனவரியில் யுனைடெட் நிர்வாகி எட் உட்வர்டின் வீட்டின்மேல் ஒரு கும்பல் எரியும் ஃப்ளேரை வீசியதும், கடன் பற்றிய பேச்சு நின்று, அவருக்கு அனுதாபம் பிறந்தது. உரிமையாளரின் நாட்டையோ நிறத்தையோ மதத்தையோ வைத்துப் பாடுவதும் அதே ரகம்தான்.

சொந்தக் கூட்டத்துக்குள் சண்டை

உள்ளே போகிறவன் துரோகி, வெளியே நிற்பவன்தான் உண்மையான ரசிகன் என்று பிரித்த மறுநிமிடமே உரிமையாளர் நிம்மதியாகத் தூங்குவார். ஐந்து வயது மகளை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிவந்த அப்பாவை வாசலில் வைத்துத் திட்டி யாரும் ஜெயித்ததில்லை. 2014 மார்ச்சில் மோயஸுக்கு எதிராகப் பேனர் இழுத்து வந்த விமானத்தைப் பார்த்து ஓல்ட் டிராஃபர்ட் கூட்டமே கூச்சலிட்டது. அணி ஆஸ்டன் வில்லாவை 4-1 என்று வென்றது. மோயஸ் அடுத்த மாதமே நீக்கப்பட்டார் என்பது வேறு விஷயம்.

உரிமையாளர் பின்வாங்க வழி விடாமல் மூலையில் தள்ளுவதும் தவறுதான். கார்டிஃப் சிட்டியின் வின்சென்ட் டான் 2012-ல் நீலச் சீருடையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள், வருகையும் குறைந்தது. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. அறிவிக்கும்போது, ஒற்றுமையின் அருமையைத் தன் அம்மா எடுத்துச் சொன்னதையும் குறிப்பிட்டார். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சட்டை நீலமானதல்லவா.

யார் வந்தாலும் பரவாயில்லை என்பது

ஆபத்தான வாசகம் இதுதான். 2018 டிசம்பரில் பரி கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, 1894 முதல் ஆடிவந்த லீக்கிலிருந்து அது வெளியேற்றப்பட்டது. போர்ட்ஸ்மத் 2009-10-ல் ஒரே சீசனில் நான்கு உரிமையாளர்களைப் பார்த்தது. யுனைடெட்டில் 2024-ல் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்கும் கொஞ்சம் கூடுதலான பங்கை வாங்கியபோது, உள்ளூரில் பிறந்தவர் என்று மகிழ்ந்தார்கள். அதே ஆண்டு இறுதிக்குள் உறுப்பினர் டிக்கெட் 66 பவுண்ட் ஆனது, சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லாமல்.

அதனால்தான் கோஷத்துக்கு முன்னால் காகிதம். இங்கிலாந்து கிளப்புகள் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள். அவற்றின் ஆண்டுக் கணக்குகளை நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். உரிமையாளர் போட்ட பணம் பங்கா, கடனா? கடன் என்றால் வட்டி எவ்வளவு? எந்தச் சொத்தின்மேல் யாருக்கு அடமானம்? ஸ்டேடியம் கிளப்பின் பெயரில்தான் இருக்கிறதா? ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்பின் ஹில்ஸ்பரோ மைதானம் உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போய் 12 புள்ளிகளை இழந்தபோது, அணியோடு மைதானத்தையும் சேர்த்துப் பேச வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், உரிமையாளர்களின் தகுதியைச் சோதிக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பை இங்கிலாந்தில் கொண்டுவந்தது. டிக்கெட் விலை முதல் கிளப்பின் பாரம்பரியம்வரை ரசிகர்களைக் கலந்துபேசும் கடமையையும் கிளப்புகள்மேல் வைத்தது. அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது ரசிகர் சங்கம் அனுப்பப்போகிறவருக்கு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சங்கத்தில் நல்ல குரல்வளம் உள்ளவரை மெகாஃபோனுக்கு வைத்துக்கொள்ளலாம்.